ஒரு மணி நேரத்தில் 140 நிமிட வேலை

அன்புள்ள சார்,

உங்கள் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் 17 வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் எங்கள் மருத்துவமனையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சு எல்லாவற்றையும் மணிக்கு ஒரு தடவை பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டுமாம். என் வார்டில் 28 கட்டில்கள், இரவு ஷிஃப்டில் நான் ஒருத்திதான். இதைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டு என்னையும் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறந்ததும், "கொள்கை முடிவை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும், நீங்கள் நோயாளிகளைப் பாருங்கள் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வந்தபின் என் சீனியரும், "நமக்கு எதற்கு இந்த அரசியல்? சேவைதான் நம் வேலை" என்றார். அவர் சொல்வதுதான் சரியோ என்று குழப்பமாக இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடியும் கூட்டம் இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நோயாளியை எழுப்பி, பட்டையைக் கையில் சுற்றி, எல்லாம் பார்த்து எழுத ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 28 பேருக்கு 140 நிமிடம். ஒரு மணி நேரத்தில் இருப்பதோ 60. ஊசி, மருந்து, ட்ரிப்ஸ் மாற்றுவது, வாந்தி எடுத்தவரின் படுக்கையை மாற்றுவது எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

அப்புறம் என்ன நடக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணிக் கட்டங்கள் எல்லாம் விடியற்காலை ஐந்தரைக்கு ஒரே பேனாவில் வரிசையாக நிரம்பும். 78, 80, 78. எழுதுகிறவர் பொய் சொல்லும் மனுஷி இல்லை. முடியாத ஒன்றைக் கட்டாயமாக்கினால் நேர்மையானவர்களையும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். நாளைக்கு ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் விசாரணையில் அந்தச் சார்ட்டைத்தான் எடுத்து வைப்பார்கள். மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்டவர்தான், சுற்றறிக்கை எழுதியவர் இல்லை.

சுற்றறிக்கையை எழுதியவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஒருவருடைய நிலை மோசமாவதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதானே அது? ஆனால் அதற்கு எல்லோரையும் மணிக்கொரு தடவை எழுப்ப வேண்டியதில்லை. பிரிட்டனில் 2012இல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். பூஜ்யம் வந்தால் குறைந்தது 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். ஐந்து, ஆறு என்று ஏறினால் மணிக்கொரு தடவையாவது பார்க்க வேண்டும். ஏழோ அதற்கு மேலோ போனால் விடாமல் கண்காணிக்க வேண்டும். இன்றைக்கு இரவு யார் பக்கத்தில் அதிகம் நிற்க வேண்டும் என்பதைப் பிரித்துப் பார்க்கும் வழி இது. ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் நீங்கள் மனதுக்குள் செய்வதும் இதுதான். கூட்டத்தில் உங்களைப் பேச விட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் சீனியர் சொன்ன "சேவைதான் நம் வேலை"க்கு வருகிறேன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் அவரோடு உடன்படவில்லை. சேவை என்றதும் எல்லோரும் காட்டும் படம் விளக்கோடு நிற்கும் நைட்டிங்கேல். 1854 நவம்பரில், கிரிமியப் போர் நடந்த சமயம், அவர் துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அவரும் அவரோடு போன பெண்களும் ராப்பகலாக உழைத்தார்கள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பிப்ரவரியில் சாவு விகிதம் நூற்றுக்கு 42ஐத் தாண்டிவிட்டது. மார்ச்சில் ஒரு சுகாதாரக் குழு வந்து, கட்டடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்து காற்றோட்டத்துக்கு வழி பண்ணியது. அதற்குப் பிறகு சில மாதங்களிலேயே அது நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கியது.

ஊர் திரும்பிய பிறகு எண்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் இது அவருக்கு முழுதாகப் புரிந்தது. எவ்வளவு அன்பாகக் கவனித்தாலும் அந்தக் கட்டடம் ஆட்களைக் கொன்றுகொண்டே இருந்திருக்கிறது. அதன் பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் அறிக்கை எழுதுவதிலும், அமைச்சர்களை விடாமல் துரத்துவதிலும், மருத்துவமனைகள் எல்லாம் ஒரே மாதிரிப் பதிவு வைக்க வேண்டும் என்று போராடுவதிலும்தான் செலவிட்டார். அவர் வார்டில் விளக்கோடு நடந்தது இரண்டு வருடத்துக்கும் குறைவு. கொள்கைக்காக உழைத்தது பல பத்தாண்டுகள். இதையா நாம் அரசியல் என்று ஒதுக்குவது?

அப்பாவைப் பற்றி அன்றைக்கு எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் இரவு, ஆறு கட்டில் உள்ள அறை, ஒரு சிஸ்டர். இரண்டு மணி இருக்கும். அவர் வந்து திரையில் ஓடிய எண்களைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் போர்வையை விலக்கி அப்பாவின் பாதத்தில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "கால் ஜில்லென்று இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லி டாக்டரைக் கூப்பிடப் போனார். உள்ளே ரத்தக் கசிவு. நேரத்தோடு பார்த்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே 30 பேருக்கு ஒரு சிஸ்டர். ஒரு நாள் இரவு ட்ரிப்ஸ் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறியிருந்தது. நான் தேடிப் போனபோது அவர் வார்டின் மறுகோடியில் ஒரு பெரியவரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். ஓடி வந்து சரிசெய்துவிட்டு, "மன்னிச்சிடுங்க சார்" என்றார். அந்த மன்னிப்பு அவர் கேட்க வேண்டியதே இல்லை. பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கும் இருந்திருக்கும். தொடத்தான் நேரமில்லை.

இதை எண்களாலும் காட்டியிருக்கிறார்கள். லிண்டா ஐக்கன் ஒரு நர்ஸ், ஆராய்ச்சியாளர். அவருடைய குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது தெரிந்தது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 சதவீதம்தான். கலிபோர்னியாவில் நர்ஸ்களின் சங்கம் பல வருடம் போராடி 1999இல் சட்டம் வாங்கியது, 2004இல் அமலுக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நோயாளிகள், பொது வார்டில் முதலில் ஆறு பேர், 2005 முதல் ஐந்து பேர், அதற்கு மேல் கூடாது. வேல்ஸ் 2016இல் கொண்டுவந்த சட்டம் எனக்கு இன்னும் பிடித்தது. அதில் எண்ணைக் கல்லில் வெட்டி வைக்கவில்லை. ஒரு வார்டுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும்போது, நோயாளிகளின் நிலையோடு நர்ஸின் அனுபவ முடிவையும் சேர்த்தே ஆக வேண்டும் என்கிறது.

ஆள் எங்கே, பணம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2018 கணக்கில் உலகம் முழுக்க 59 லட்சம் நர்ஸ்கள் குறைவு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆனால் ஆள் குறைவாக இருக்கும்போதுதானே, இருக்கிறவருடைய நேரத்தை எதில் செலவிடுவது என்பது முக்கியமாகிறது? அதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

ஒன்று சொல்ல வேண்டும். நாற்காலி கிடைத்தால் மட்டும் போதாது, நீங்களே அதை அனுபவித்துவிட்டீர்கள். பல நாடுகளில் அரசாங்கத்திலேயே தலைமைச் செவிலியர் என்று ஒரு பதவி இருக்கிறது. அந்தப் பதவிக்கு நிதி ஒதுக்கீட்டில் பேச்சு உண்டா, அமைச்சரை நேரில் பார்க்க முடியுமா என்று விசாரித்தால் ஊருக்கு ஊர் வேறு பதில் வரும். உங்கள் அளவில், கூட்டம் நடக்கும் முன்பே விஷயத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னதைத் தட்டிவிடுவது சுலபம். எழுத்தில் கொடுத்ததற்கு எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏழு இரவுகளுக்கு ஒரு சின்ன நோட்டில் எது எத்தனை நிமிடம் எடுத்தது என்று குறித்து வையுங்கள். நோயாளி பெயர் வேண்டாம். உங்கள் சீனியரையும் அவர் வார்டில் குறிக்கச் சொல்லுங்கள், மாட்டேன் என்று சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன். இரண்டு நோட்டையும் சேர்த்து ஒரே பக்கத்துக்கு எழுதி, அதன் கீழே மதிப்பெண் முறையைப் பரிசீலிக்கலாம் என்று ஒரு வரி போடுங்கள். எழுதுவதில் தடங்கல் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், மொழியை மட்டும் சரிபார்த்துத் தருகிறேன். கணக்கு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். காத்திருக்கிறேன்.