ஜனவரியிலேயே அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் டெக்சாஸில் பள்ளி இறுதியாண்டு படிக்கிறான். பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் வைட் ரிசீவர், அதாவது எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவன். ஒரு பெரிய பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு அவனைச் சேர்த்துக்கொள்கிறது. டிசம்பரிலேயே பள்ளிப் பாடங்களை முடித்துவிட்டு ஜனவரியில் வந்தால் முதல் ஆண்டிலேயே ஆடலாம் என்கிறார் பயிற்சியாளர். மகன் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறான். கணவரோ, "முதல் வருடம் எப்படியும் பெஞ்சில்தான் உட்காரப்போகிறான், அதற்காகப் பள்ளியின் கடைசி அரையாண்டை விடுவானேன்?" என்கிறார். பையன் ஒல்லி வேறு. முதலாண்டு மாணவனால் உண்மையிலேயே ஆட முடியுமா?
– ஒரு தாய், டெக்சாஸ்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ஆட முடியும். ஆனால் உங்கள் மகன் மனத்தில் எந்த அளவு ஆட்டத்தை எதிர்பார்த்துக்கொண்டு போகிறான் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முன்வரிசையில் முட்டி மோதும் லைன்மேனுக்கு உடம்பு ஏறவே இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் மொத்த ஆட்டத்தையும் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். ரிசீவருக்கு வேண்டிய வேகமும் கைப்பிடியும் பெரும்பாலும் பள்ளி வயதிலேயே வந்துவிடுகின்றன. அதனால்தான் பதினெட்டு வயதுப் பையன் இந்த இடத்தில் சட்டென்று கண்ணில் படுகிறான். 1972-க்கு முன்பு முதலாண்டு மாணவர்களைப் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கால்பந்து அணியில் சேர்ப்பதற்கு விதியே இடம் கொடுக்கவில்லை. இன்று அவர்களைத் தேடி நாடு முழுவதும் ஆள் அனுப்புகிறார்கள்.

உங்கள் மகன் நெஞ்சில் இருப்பவர் ஜெரமையா ஸ்மித்தாகத்தான் இருக்கும். 2024-இல் ஒஹையோ ஸ்டேட் அணிக்கு முதலாண்டு மாணவராக வந்து 76 முறை பந்தைப் பிடித்து 1,315 யார்டு, 15 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டுவது) எடுத்தார். அதே பல்கலைக்கழகத்தில் கிரிஸ் கார்ட்டர் 1984-இல் வைத்த முதலாண்டுச் சாதனைகளைத் தாண்டினார். 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில், எதிரணியான நோட்டர் டேம் புள்ளிகளில் நெருங்கி வந்துகொண்டிருந்தபோது, பந்தைத் தக்கவைக்க மூன்றாவது முயற்சியில் இன்னும் 11 யார்டு தேவைப்பட்ட இடத்தில் பந்து அவரை நம்பித்தான் போனது. பிடித்தார், 56 யார்டு. ஆட்டம் அதோடு முடிந்த மாதிரிதான். அதே பருவத்தில் அலபாமா பல்கலைக்கழகத்தின் ரிசீவர் ரயன் வில்லியம்ஸ் பதினேழு வயதில் ஜார்ஜியா அணிக்கு எதிராக 177 யார்டு எடுத்தார். பள்ளியை ஓராண்டு முன்னதாகவே முடித்துவிட்டு வந்தவர் அவர்.

இவர்களைப் பார்த்து எந்தப் பையனுக்குத்தான் ஆசை வராது? ஆனால் இப்படிப்பட்டவர்கள் ஒரு பருவத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. நாடு முழுவதும் ஆண்டுதோறும் கல்லூரிக்கு வரும் நூற்றுக்கணக்கான ரிசீவர்களில் பெரும்பாலோர் முதல் பருவத்தை வேறு விதமாகக் கழிக்கிறார்கள். அது ஏன் என்று உங்கள் கணவருக்கும் மகனுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பள்ளி ஆட்டத்தில் உங்கள் மகனுக்கு எதிரே நின்ற தடுப்பாளன் அநேகமாக ஏழெட்டு யார்டு தள்ளி நின்றிருப்பான். பையனின் வேகத்துக்குப் பயந்து அவனே இடம் விட்டிருப்பான். கல்லூரியில் ரிசீவரைத் தடுக்கும் இருபத்திரண்டு வயது கார்னர்பேக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பான். பந்து கிளம்பிய கணத்தில் அவன் உள்ளங்கை நெஞ்சுக்கூட்டில் வந்து பதியும். அந்தக் கையைத் தட்டிவிட்டு, தோளைச் சாய்த்து, ஓட வேண்டிய பாதையை விட்டு விலகாமல் முதல் மூன்று அடி எடுத்து வைக்க வேண்டும். அதில் அரை நொடி போய்விட்டால், குவாட்டர்பேக் வேறு ஆளைத் தேடத் தொடங்கிவிடுவான்.

அடுத்தது, ஓடிக்கொண்டே படிப்பது. பின்னால் நடுவில் ஒரு தடுப்பாளன் நின்றால் ஒரு பாதை, இரண்டு பேர் பிரிந்து நின்றால் வேறு பாதை. ரிசீவரும் குவாட்டர்பேக்கும் ஒரே கணத்தில் அதைப் பார்த்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பியிருக்கும். பையன் தப்பாகப் படித்தால் பந்து விழும் இடத்தில் அவன் இருக்க மாட்டான், எதிரணிக்காரன் இருப்பான். நழுவவிட்ட பந்தைப் பயிற்சியாளர் மறந்துவிடுவார். ஆள் இல்லாத இடத்துக்குப் போன பந்தை மறக்க மாட்டார். போதாக்குறைக்கு, பந்து தன் பக்கம் வராத நேரத்திலெல்லாம் எதிராளியை மறித்து நின்று ஓடுபவனுக்கு வழி திறந்துவிட வேண்டும். பள்ளியில் நட்சத்திரமாக இருந்த பையன்களுக்கு இந்த வேலை பழக்கமே இருக்காது.

ஜனவரியில் போவதன் பலன் இங்கேதான் இருக்கிறது. ஜனவரியில் சேருகிறவனுக்கு வசந்த காலப் பயிற்சி முழுவதும் கிடைக்கும். ஜூனில் வருகிறவனுக்கு ஆகஸ்ட் முகாம் மட்டும்தான், அதற்குள் பருவம் தொடங்கிவிடும். ஒஹையோ ஸ்டேட்டில் புதிதாக வருகிறவர்களின் தலைக்கவசத்தின் நடுவில் கறுப்புப் பட்டை ஒட்டிவிடுவார்கள். பயிற்சியில் தன்னை நிரூபித்த பிறகே அதை உரிப்பார்கள், அன்றுதான் அவன் அணியில் ஒருவன். ஜெரமையா ஸ்மித் முன்கூட்டியே சேர்ந்தவர். அந்த வசந்த காலத்திலேயே அவருடைய பட்டை உரிக்கப்பட்டது. எல்லோரும் அக்டோபரில் அவர் பிடித்த பந்துகளைப் பேசுகிறார்கள். எனக்கு அந்த மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

"பையன் ஒல்லி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு டெவான்டா ஸ்மித்தான் நினைவுக்கு வந்தார். 170 பவுண்டு அளவே இருந்த மெலிந்த உடம்பு. 2017-இல் அலபாமாவில் முதலாண்டு. கால்வின் ரிட்லி என்ற தேர்ந்த ரிசீவர் அணியில் இருந்தார், பந்தெல்லாம் அவர் பக்கமே போனது. ஸ்மித் அந்தப் பருவம் முழுவதும் பிடித்தது எட்டே எட்டுப் பந்துகள். எட்டாவது பந்து 2018 ஜனவரி 8 அன்று, அதே அட்லாண்டா மைதானத்தில், ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் வந்தது. குவாட்டர்பேக்கும் முதலாண்டு மாணவர்தான், டுவா டாகோவைலோவா. அவர் 16 யார்டு பின்னால் வீழ்த்தப்பட்டு, இன்னும் 26 யார்டு தேவை என்ற நிலை. அடுத்த முயற்சியில் அவர் எறிய, ஸ்மித் 41 யார்டு ஓடிப் பிடித்தார். 26–23, பட்டம் அலபாமாவுக்கு. மூன்றாண்டுகள் கழித்து, 2020 பருவத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை அதே ஒல்லி உடம்பு வாங்கியது. 1991-க்குப் பிறகு அந்த விருதைப் பெற்ற முதல் ரிசீவர் அவர்.

சகோதரி, எட்டுப் பந்துதான் பிடித்தார் என்பதால் அந்த முதல் ஆண்டு வீண் என்று யாராவது சொல்ல முடியுமா?

எல்எஸ்யு எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஜஸ்டின் ஜெஃபர்சன் முதலாண்டு மாணவராக ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. 2019-இல் 111 பந்து, 18 டச்டவுன், தேசியப் பட்டம். அதே அணியில் ஜமார் சேஸ் முதல் ஆண்டில் 23 பந்து பிடித்தவர், மறு ஆண்டு 1,780 யார்டு எடுத்தார். உங்கள் மகனுக்கு ஜெரமையா ஸ்மித் கதை மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். இவர்கள் கதையையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். செப்டம்பரில் பந்து வராவிட்டால் நவம்பரில் வேறு கல்லூரிக்கு மாறும் யோசனை வரக்கூடிய காலம் இது. மாறுவது இப்போது எளிது என்பதாலேயே இதை முன்கூட்டிச் சொல்கிறேன்.

ரெட்ஷர்ட் என்ற சொல்லைக் கேட்டு நீங்களும் பயப்பட வேண்டாம். கல்லூரியில் ஆடக் கிடைக்கும் பருவங்களில் ஒன்று கழியாதபடி ஓர் ஆண்டு ஒதுங்கியிருப்பதுதான் அது. 2018-இல் வந்த விதிப்படி ஒரு மாணவன் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அந்தப் பருவம் அவன் கணக்கிலிருந்து கழியாது. களத்தின் ருசியைக் காட்டிவிட்டு ஆண்டையும் மிச்சப்படுத்தலாம்.

பயிற்சியாளரிடம் "என் பையன் ஆடுவானா?" என்று கேட்காதீர்கள். ஆடுவான் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இப்போது அணியில் இருக்கும் ரிசீவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டோடு போகிறார்கள், வேறு கல்லூரிகளிலிருந்து யாரை அழைத்து வருகிறார்கள், கிக்காஃப் (பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவது) போன்ற வேளைகளில் மட்டும் இறங்கும் சிறப்பு அணிகளில் முதலாண்டு மாணவர்களை இறக்குவீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். பல பையன்களுக்குக் களத்தின் கதவு அந்த வழியாகத்தான் திறக்கிறது. பதிலில் பெயர்களும் எண்ணிக்கையும் வந்தால் நம்பலாம். "திறமை இருந்தால் வயது பார்க்க மாட்டோம்" என்று மட்டும் வந்தால், அது எல்லா வீட்டிலும் சொல்லும் வாசகம்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பள்ளியின் கடைசி அரையாண்டு திரும்பி வராது. நண்பர்கள், பட்டமளிப்பு நாளுக்கு முந்தைய அந்த வாரங்கள், ஓட்டப் பந்தயத்தில் இருப்பவனானால் அதன் கடைசிப் பருவம், எல்லாம் போகும். மகன் அதையெல்லாம் நினைத்துப் பார்த்த பிறகும் போகிறேன் என்றால், பாடங்கள் டிசம்பருக்குள் ஒழுங்காக முடிகின்றன என்றால், அனுப்பிவைக்கலாம் என்பதே என் கருத்து. மனம் அரைகுறையாக இருந்தால் ஜூனில் போகட்டும். முதல் பருவம் சற்று மெதுவாக நகரும், அவ்வளவே.

ஜனவரியில் போனால், பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரலில் அணிக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஒரு பொது ஆட்டம் நடத்துகின்றன. அவன் அணியிலும் நடந்தால் இருவரும் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பந்து அவன் பக்கம் வரும்போது கூட்டமே பார்க்கும். பந்து மறுபக்கம் போகும்போது நீங்கள் அவனை மட்டும் பாருங்கள், எதிரில் நிற்பவனை மறிக்கிறானா, சும்மா நிற்கிறானா என்று. ஆட்டம் முடிந்து சாப்பிட உட்காரும்போது அவனிடம் அதைக் கேளுங்கள்.