அப்பாவின் பழைய ஹைலக்ஸ்: பெயின்டுக்கு முன் சுத்தியல்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிறோம். அப்பாவின் 1985 ஹைலக்ஸ் பிக்கப், 2எல் டீசல் எஞ்சின், நான்கு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. திருத்தி நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்ற ஆசை. முதலில் டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் கராஜ் பாஸ். சரிதானா?

பதில்: சரியில்லை, தம்பி. முதலில் ஒரு சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள்.

வண்டியின் அடிச்சட்டமான சேஸியை நீளவாட்டில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று பேசும். துருப்பிடித்த இடம் ‘பொத்’தென்று அடங்கிவிடும். பின் வில் தகடு சேஸியில் மாட்டியிருக்கும் இடத்தில் நிதானமாகத் தட்டுங்கள். தோட்டத்து வண்டி என்றால் உர மூடை ஏற்றியிருப்பீர்கள். பொட்டாஷ் உரம் குளோரைடு உப்புதான். சிந்தியது மழையில் கரைந்து பின்னால் சுமை ஏற்றும் பெட்டியின் இடுக்குகளில் இறங்கி, உள்ளிருந்தே அரிக்கும். அதனால் பெட்டியைக் கழற்றாமல் பார்ப்பது பாதிப் பார்வைதான். வில் மாட்டும் இடமோ ஸ்டியரிங் பெட்டி பூட்டிய இடமோ ஓட்டை விழுந்திருந்தால், நல்ல வெல்டர் பார்த்துச் சொல்லும்வரை வேறெதற்கும் பணம் செலவழிக்காதீர்கள். ஓட்டையைப் பட்டி (பூசி அடைக்கும் பசை) வைத்து மூடச் சம்மதிக்கவே வேண்டாம். வெல்டிங்கின்போது சேஸி எண்ணில் கிரைண்டர் பட்டுவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். கழிவு எஞ்சின் எண்ணெயை அடியில் பூசும் பழக்கமும் எனக்குப் பிடிக்காது. ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப்போகும்.

அடுத்தது பிரேக். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் மலை மூடுபனியில் கேட்கவே வேண்டாம். டாட் 3 வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கிவிடும். றம்பொடை இறக்கத்தில் மூடைகளோடு மிதித்துக்கொண்டே வந்தால் எண்ணெய் கொதித்து, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். பழையதை முழுவதும் வடித்து மாற்றுங்கள், ஹோஸ்களையும் சேர்த்து. பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். பழைய டீசலையும் டாங்கியின் அடியில் தேங்கிய தண்ணீரையும் வடித்து, ஃபில்டர், எஞ்சின் எண்ணெய், டைமிங் பெல்ட் மூன்றையும் மாற்றுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

2எல் எஞ்சினின் பலவீனம் அதன் ஹெட், அதாவது சிலிண்டர்களுக்கு மேலே மூடியிருக்கும் பாகம். அளவுக்கு மீறிச் சூடானால் விரிசல் விடும். நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைப் பிடித்துவைத்து அந்தக் கொதிப்பைத் தள்ளிப்போடுவது ரேடியேட்டர் மூடிதான்; அதன் ரப்பர் செத்திருந்தால் உங்கள் ரேடியேட்டரும் திறந்த பாத்திரம்தான். மூடியைப் புதிதாக வாங்குங்கள். பைப் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள். எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

வேறு எஞ்சின் போட நேர்ந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் உண்டு.

இதெல்லாம் முடிந்த பிறகு பெயின்ட். அதற்கு முன் கதவுகளின் அடியிலுள்ள தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். நிறம் அப்பா வைத்திருந்ததே இருக்கட்டும். மாற்றினால் அதற்கும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.