லீக்ஸ் சமையலும் காய் தொடாத பிள்ளைகளும்: கேள்வி பதில்

பட்டர்வொர்த்திலிருந்து: அக்கா, பாசாரில் கேமரன் மலை லீக்ஸ் என்று, தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்குமே, அதை வாங்கினேன். எத்தனை தடவை கழுவியும் பொரியலில் மண் நறநறக்கிறது.

பதில்: முழுத்தண்டாகக் கழுவினால் எப்படிப் போகும்? தண்டு வெள்ளையாக நீள வேண்டும் என்று, வளர வளர மண்ணை அணைத்துக்கொண்டே வருவார்கள். அது அடுக்குக்குள் இறங்கிவிடும். வேரை ஒட்டிக் கொஞ்சம் விட்டுவிட்டு நீளவாக்கில் கீறி, விசிறி மாதிரி விரித்துக் குழாயடியில் காட்டுங்கள். நறுக்கிய பிறகு என்றால் அகலப் பாத்திரத்தில் அலசி, கையால் அள்ளுங்கள். அப்படியே வடிதட்டில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண்ணும் கூடவே வரும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: கரும்பச்சை இலையைத் தூக்கிப் போடுவதா?

பதில்: ஐயோ, வேண்டாம். கோழி சூப்பில் போட்டுக் கொதிக்கவிட்டு எடுத்துவிடுங்கள். மெல்ல முடியாத நார், ஆனால் வாசனை உண்டு.

செந்தூலிலிருந்து: மகனுக்கு 5 வயது. மீ கோரெங் நூடல்ஸில் பச்சையாக எது கிடந்தாலும் பொறுக்கித் தட்டோரம் வைக்கிறான். அரைத்துத் தோசை மாவில் கலந்துவிடவா அக்கா?

பதில்: கலக்கலாம், ஆனால் அவனுக்குத் தோசைதான் பழகும். காயைக் கண்ணால் பார்த்துத் தின்றால்தான் காய் பழகும். இந்த வயதில் புதுசைக் கண்டு மிரளுவது சகஜம். ஒரே காயைப் 10, 15 தடவை ருசி பார்த்த பிறகு ஏற்கும் பிள்ளைகள் உண்டு. நாமோ மூன்றாம் தடவையே “இவனுக்குப் பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். “இதைத் தின்றால் ஐஸ்கிரீம்” என்ற பேரமும் வேண்டாம், ஐஸ்கிரீம் மேல்தான் ஆசை கூடும்.

முட்டையில் தொடங்குங்கள். லீக்ஸின் வெள்ளைத் தண்டை மெல்லிய வளையமாக நறுக்கி, எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, சிறுதீ, மூடி போட்டுப் பத்து நிமிடம். ஓரம் கருகினால் கசக்கும், நடுநடுவே கிளறுங்கள். குழைந்து இனிப்பு வந்ததும் முட்டையை ஊற்றிக் கிண்டுங்கள். மிளகாய் போடாதீர்கள், பெரியவர்களுக்குச் சம்பல் தனியே. அவன் தட்டில் இரண்டு வளையம் போதும். மீதி வைத்தால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள். அப்புறம், லீக்ஸை அலசும் வேலையை அவனிடமே கொடுங்கள். தண்ணீரில் விளையாட எந்தப் பிள்ளை மாட்டேன் என்னும்?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: வெங்காயம், பூண்டு சேர்க்காத விரத நாளில் லீக்ஸ் போடலாமா? மாமியார் கேட்கிறார்.

பதில்: அதுவும் வெங்காயக் குடும்பம்தான். அன்றைக்குப் பூசணிக்காய் வையுங்கள்.