முற்றுகைக்குள் ஒரு நூலகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1832-33இல் போர்ச்சுகலின் போர்த்தோ நகரில் நடந்த முற்றுகையை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று சந்தேகங்கள். முற்றுகைக்குள் இருந்த மன்னர் பெட்ரோவைக் கதாநாயகனாக வைக்கலாமா? போர்ச்சுகல் உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள்? மூன்றாவது, மக்கள் பசியிலும் காலராவிலும் செத்துக்கொண்டிருந்தபோது அந்த மன்னர் ஊரில் பொது நூலகம் அமைக்க ஆணை போட்டிருக்கிறார். படித்ததும் சிரித்துவிட்டேன். ரொட்டி கேட்டவர்களுக்குப் புத்தகம் கொடுத்த கோமாளித்தனமாக அதை ஓர் அத்தியாயத்தில் எழுதப்போகிறேன். ஆற்றில் ஒயின் ஓடும் காட்சியோடு நாவலை முடிக்கலாம் என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து?

ச.

அன்புள்ள ச.,

நாவல் எழுதலாமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. எழுதுகிறவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். உங்களுக்கு எழுதுவது அந்தச் சிரிப்புக்காக.

யார் படிப்பார்கள் என்பதை விடுங்கள். மோசமாக எழுதினால் உங்கள் தெருவைப் பற்றி எழுதினாலும் யாரும் படிக்க மாட்டார்கள். பெட்ரோ கதாநாயகனா என்பதும் உங்கள் பாடு. ஒரு திருத்தம் மட்டும். அவர் அப்போது மன்னரே இல்லை. 1826இல் அரசியல் சாசனம் ஒன்றை வழங்கிவிட்டு, ஏழு வயது மகள் மரியாவுக்குப் போர்ச்சுகல் முடியை விட்டுக்கொடுத்தார். 1831இல் பிரேசில் முடியையும் மகனுக்குக் கொடுத்துவிட்டு, பிரகன்சா பிரபு என்ற பட்டத்தோடு வந்தார். மரியாவை மணந்து, அவள் பெயரில் ஆளுவதாக ஒப்புக்கொண்ட தம்பி மிகேல் 1828இல் தன்னையே மன்னராக்கிக்கொண்டிருந்தார். இந்தத் தம்பிக்கு எதிராகத்தான் அண்ணனின் போர். நாவலாசிரியர் இதிலேயே தடுமாறினால் எப்படி?

அசோர்ஸ் தீவுகளிலிருந்து சுமார் 7,500 பேரோடு கிளம்பி, 1832 ஜூலை 8 அன்று போர்த்தோவுக்கு வடக்கே கடற்கரையில் இறங்கினார் பெட்ரோ. மறுநாள் ஊருக்குள் நுழைந்தார். மிகேலின் படை சண்டை போடாமல் விலகிப்போனது, அப்புறம் பெரிதாகத் திரும்பி வந்து ஊரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. பிடிக்க வந்தவர் பொறிக்குள் மாட்டிக்கொண்டார். டூரோ ஆற்றின் வடகரையில் ஊர், தென்கரையில் காயா. ஒயின் கிடங்குகள் எல்லாம் காயாவில், பீரங்கிகளும் அங்கேதான். தென்கரையில் பெட்ரோவின் ஆட்கள் கையில் இருந்தது செர்ரா டூ பிலார் மடாலயம் மட்டும். நான் ஒருமுறை அந்த மேட்டில் நின்று பார்த்திருக்கிறேன். ஆறு அகலமே இல்லை. எதிர்க்கரை வீட்டில் துணி உலர்வது தெரிகிறது. அவ்வளவு பக்கத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் சுட்டிருக்கிறார்கள். உணவு வரக்கூடிய ஒரே வழி ஆற்றின் முகத்துவாரம், அதையும் குறிவைத்துப் பீரங்கி. நாயையும் பூனையையும் தின்றதாகச் சொல்கிறார்கள். 1833இல் காலரா.

சரி, நூலகம்.

ஆணை போட்ட தேதியைக் கவனித்தீர்களா? 1833 ஜூலை 9. ஊருக்குள் நுழைந்து சரியாக ஒரு வருடம். அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு படையைக் கப்பலேற்றித் தெற்கே அல்கார்வுக்கு அனுப்பியிருந்தார்கள். ஊரில் காவலுக்கு இருந்தவர்கள் குறைவு. ஜூலை 25 அன்று, அல்ஜியர்ஸைப் பிடித்த பிரெஞ்சு மார்ஷல் பூர்மோன், இப்போது மிகேலின் தளபதி, பெரும் தாக்குதல் நடத்தினார். பெட்ரோவின் தளபதி சல்தான்யா அதை முறியடித்தார். தாக்குதலுக்குப் பதினாறு நாள் முன்னால் ஒருவர் உட்கார்ந்து ‘இந்த ஊருக்குப் பொது நூலகம் வேண்டும்’ என்று கையெழுத்துப் போடுகிறார். நீங்கள் இதைப் படித்துச் சிரித்திருக்கிறீர்கள்.

பசித்தவனுக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டு வந்துதான் கேட்பார்கள். எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். காலையில் கஞ்சி, ராத்திரி பல நாள் அதுவும் இல்லை. பாலை நிறுத்தினோம், பேப்பரை நிறுத்தினோம். லெண்டிங் லைப்ரரிக்காரர் சைக்கிள் கேரியரில் பைண்டு செய்த தொடர்கதைகளைக் கட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை வருவார். அம்மா அதை மட்டும் நிறுத்தவில்லை. என் பெரிய அத்தை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “சோத்துக்கே வழியைக் காணோம், இவளுக்குக் கதை கேக்குது” என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, விட்ட பக்கத்திலிருந்து படித்தாள். அன்றைக்கு எங்களுக்கு ஒரு படி அரிசி கொண்டுவந்ததும் அதே அத்தைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். அத்தை மேல் எனக்குக் கோபமில்லை. அவள் அரிசியோடு வந்து கேட்டாள். நீங்கள் வெறுங்கையோடு சிரிக்கிறீர்கள்.

அதற்காகப் பெட்ரோவைத் தொழ வேண்டாம். அந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தீர்களா? துறவிகள் விட்டுவிட்டு ஓடிய மடங்களிலிருந்து வந்தன. மிகேலோடு போய்விட்டவர்களின் வீடுகளிலிருந்தும் பறிமுதல் செய்தார்கள். மறுவருடம் மே மாதம், போர் முடிந்த கையோடு, நாடு முழுக்கத் துறவிகளின் மடங்களையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் அகியாருக்கு ‘துறவிக்கொல்லி’ என்றே பட்டப்பெயர். போர்த்தோ நூலகம் இன்றைக்கும் சாவ் லாசரோ தோட்டத்துக்கு எதிரே, பழைய புனித அந்தோணியார் மடத்தில்தான் இருக்கிறது. இதில் கொள்ளை உண்டு, பழிவாங்கல் உண்டு, ‘இனி அறிவு மடத்துக்குள் இல்லை, ஊருக்குள்’ என்ற வீறாப்பும் உண்டு. எல்லாம் ஒரே அலமாரியில். நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? இவ்வளவும் கையில் இருக்க, நீங்கள் கோமாளியைத் தேடுகிறீர்கள்.

ஆளும் இருக்கிறார். அலெக்ஸாண்ட்ரே எர்க்குலானோ. அப்போது வயது 23. பெட்ரோவின் படையில் சாதாரணச் சிப்பாயாக வந்தவர். அதற்கு முன்பு பிரான்சில் அகதியாக இருந்தபோது ரென் நகர நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர். அந்த வருடமே அவரைப் போர்த்தோ நூலகத்தின் இரண்டாம் நூலகராகப் போட்டார்கள். பின்னாளில் போர்ச்சுகலின் பெரிய வரலாற்றாசிரியர் அவர்தான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்தவன் மடத்துப் புத்தகத்தைத் தூசி தட்டி அடுக்கும் ஒரு பையன். அந்தக் கைகளை எழுதிப்பாருங்கள். 1836இல் அரசியல் மாறியதும் புதிய ஆட்சிக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து வேலையை விட்டார். அதே படையில் இருந்த அல்மெய்டா கரெட், முற்றுகையின்போது தங்கவைக்கப்பட்ட மடத்திலேயே ஒரு நாவலைத் தொடங்கினார். அவரிடமும் யாரோ சிரித்திருப்பார்கள்.

ஒயின் ஆறு பற்றி. அழகான முடிவு என்று நினைக்கிறீர்கள். 1833 ஆகஸ்ட் 16, தோற்றுப் பின்வாங்கும் மிகேல் படை காயாவில் ஒயின் கம்பெனியின் கிடங்குகளுக்குத் தீ வைத்தது. கொதித்த ஒயின் டூரோவில் சிவப்பாக ஓடியது. இரண்டு நாளில் சல்தான்யா முற்றுகையை உடைத்தார். ஆனால் போர் 1834 மே மாதம்வரை போனது. அந்த ஊரில் பீப்பாய் செய்பவன், படகோட்டி, சுமைகூலி என்று எத்தனை பேருக்கு ஒயின்தான் சோறு! அடுத்த வருடக் கூலி ஆற்றில் போவதைக் கரையில் நின்று பார்த்தவர்கள் அவர்கள். அதை அழகாக எழுதாதீர்கள், நாற்றத்தோடு எழுதுங்கள். அப்புறம், தான் செத்தபின் தன் இதயம் போர்த்தோவுக்கு என்று பெட்ரோ எழுதிவைத்தார், அது அங்கே லாப்பா தேவாலயத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதை உள்ளே இழுக்காதீர்கள். எல்லோரும் இழுப்பார்கள்.

நூலக அத்தியாயத்தை முதலில் எழுதி அனுப்புங்கள். பிடிஎஃப் வேண்டாம், என் போனில் எழுத்து உடைகிறது. தாளில் அனுப்புங்கள்.