நேபாளத்தில் மூன்று வாரம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

இந்த மே மாதம் பி.எட். முடிக்கிறேன். நேபாளத்தில் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் மூன்று வாரம் 'டீச்சிங் இன்டர்ன்' ஆகப் போகலாம் என்று ஒரு நிறுவனத்தின் விளம்பரம் பார்த்தேன். சம்பளம் கிடையாது, நாம்தான் பணம் கட்ட வேண்டும். நீங்கள் அங்கே இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். போகலாமா? அப்பா வீண்செலவு என்கிறார்.

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

போங்கள். ஆனால் மூன்று வாரத்துக்குப் போகாதீர்கள்.

2018 ஜூலையில் நானும் இப்படிப் பணம் கட்டித்தான் போனேன். காவ்ரே மாவட்டம், பனௌதிக்கு மேலே மலையில் ஒரு அரசுப் பள்ளி. மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் 2075 என்று வருஷம் போட்டிருந்தது, அங்கே விக்ரம ஆண்டுக் கணக்கு. முதல் நாள் நிறங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தேன், பிள்ளைகள் கூரை அதிரத் திருப்பிச் சொன்னார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாலையில் ஒரு சிறுமியின் நோட்டைப் புரட்டினால் அதே ரெட், ப்ளூ, கிரீன் ஏற்கெனவே மூன்று இடங்களில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் கீழே வெவ்வேறு கையெழுத்தில் 'வெரி குட்', பக்கத்தில் ஒரு நட்சத்திரம். எனக்கு முன்னால் வந்துபோன மூன்று பேர். அந்தப் பிள்ளை நான்கு முறையும் புதிதாகக் கேட்பதுபோல உட்கார்ந்து கேட்டிருக்கிறது.

அந்த பீரியட் முழுக்க வகுப்பாசிரியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அது அவருடைய கணக்கு வகுப்பு என்று மறுநாள்தான் தெரிந்தது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கேட்டு, அன்றிலிருந்து அவர் நடத்துவதைப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் வீட்டில் தாமாங் மொழி பேசுகிறவர்கள். நேபாளியே அவர்களுக்குப் பள்ளிக்கு வந்து படித்த மொழி, ஆங்கிலம் மூன்றாவது. கணக்குப் புத்தகமோ ஆங்கிலத்தில். பிள்ளைகள் எல்லாம் 'போர்டிங்' பக்கம் போய்விடக் கூடாது என்று அரசுப் பள்ளிகள் பலவும் ஆங்கில வழிக்கு மாறிவிட்டன (விடுதியே இல்லாவிட்டாலும் தனியார் பள்ளிக்கு அங்கே போர்டிங் என்றுதான் பெயர்). 17ஐ 5ஆல் வகுக்க வேண்டும். அவர் மேஜையில் மக்காச்சோள மணிகளைக் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளச் சொன்னார். இரண்டு மிஞ்சியது. அந்த இரண்டையும் ஒரு சிறுமியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, முதலில் தாமாங்கில் ஒரு வார்த்தை, பிறகு நேபாளியில், அப்புறம்தான் 'ரிமைண்டர்' என்றார். பி.எட்.டில் எனக்கு இதை யாரும் காட்டவில்லை. இதைப் பார்ப்பதற்காகவே நீங்கள் போக வேண்டும் என்பேன்.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். நாலு மணிக்குப் பள்ளி விட்டபிறகு தன்னோடு உட்கார்ந்து ஆங்கிலப் பாடங்களைச் சத்தமாக வாசிக்க வேண்டும், உச்சரிப்பு தப்பினால் கூச்சப்படாமல் திருத்த வேண்டும். நான் அங்கே செய்த உருப்படியான வேலை அதுதான். நான் கிளம்பிவந்த பிறகும் அது அவரோடு அந்த வகுப்பில் இருக்குமில்லையா?

பணம் பற்றி. நான் கட்டியதில் பள்ளிக்கு வந்து சேர்ந்தது ஒரு பெட்டி நோட்டும் சாக்பீஸும். நீங்கள் பார்த்த நிறுவனத்திடம் பள்ளிக்கு எவ்வளவு போகிறது, உங்களுக்கு முன்னால் வந்தவர் எந்தப் பாடத்தில் நிறுத்தினார் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இந்த விஷயத்தில் அப்பா சொல்வது சரி.

நேராகவே போகலாம். நமக்கு விசா வேண்டாம். கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சுனௌலி எல்லை, அப்புறம் பஸ். விமானம் என்றால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும், உங்கள் வயதுக்கு ஆதார் செல்லாது. ஏப்ரல் நடுவில் பைசாக் மாதம் அவர்களுக்குப் புது வகுப்பு தொடங்குகிறது, தசைன் பண்டிகை விடுமுறை செப்டம்பர், அக்டோபர் வாக்கில். ஜூலை, ஆகஸ்டில் மழை, மண்சரிவில் பாதை அடைபடும். அதனால் அடுத்த ஏப்ரலில் போய் ஒரு முழுப் பருவம் இருங்கள்.

மூன்று மாதமாவது இருப்பேன், முதல் இரண்டு வாரம் கடைசி பெஞ்சில்தான் என்று சம்மதித்தால் எனக்கு எழுதுங்கள். அந்த ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கிறேன். அவர் வரச் சொன்னால் மட்டும் டிக்கெட் போடுங்கள்.