மோட்டார் சைக்கிளில் முன் பிரேக்கைத் தொடலாமா?

சாம்பல்தீவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "லேனர்ஸில் (ஓடப் பழக்கும் பள்ளியில்) இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்கள். மாமாவோ முன் பிரேக் ஆளைத் தூக்கி எறியும், காலால் மட்டும் பிடி என்கிறார். முப்பது வருசமாக ஓடுகிறவர். யார் சொல்வதைக் கேட்பது?"

லேனர்ஸில் சொன்னதுதான் சரி, தம்பி. கையால் பிடிப்பது முன் சில்லை, காலால் மிதிப்பது பின் சில்லை. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னுக்குச் சாயும், பின் சில்லு இலேசாகிவிடும். இலேசான சில்லை எவ்வளவு மிதித்தாலும் இழுபட்டுக்கொண்டு போகுமே தவிர வண்டி சட்டென்று நிற்காது. மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும்போது ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் ஓடிவிடுகிறீர்கள். இருட்டில் மாடு குறுக்கே வந்தால் கால் பிரேக் மட்டும் காணாது. முன் பிரேக்கைத் தேசிக்காய் பிழிவதுபோல மெல்லத் தொடங்கி அழுத்துங்கள். ஆளை எறிவது, பயத்தில் ஒரேயடியாக இறுக்குவதுதான்.

மணல் மட்டும் வேறு கதை. நிலாவெளி வீதியில் கடற்கரைக்குத் திரும்பும் ஒழுங்கைகளின் வாயில் தாரின் மேல் மணல் படர்ந்திருக்கும். அதில் முன் பிரேக்கை இறுக்கினால் சில்லு வழுக்கி வண்டி படுத்துவிடும். மணலைக் கண்டதும், தாரில் இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். மணலில் ஏறிவிட்டீர்களா, ஹாண்டிலைத் திருப்பாமல் நேரே போய், கால் பிரேக்கை மட்டும் மெல்ல மிதியுங்கள். இரண்டு சில்லும் தாருக்கு வந்த பிறகுதான் கை பிரேக். மாமா ஓடிப் பழகியது கிரவல் வீதியாக இருந்தால், அவருடைய பயம் அங்கேயிருந்து வந்திருக்கும்.

முன் பிரேக்கைத் தொடாத இந்தப் பழக்கத்தால் பிழைப்பவர்கள் பழைய மோட்டார் சைக்கிள் விற்கும் தரகர்கள். கேபிள் துருப்பிடித்து இறுகிய வண்டியைக் காட்டி, "முன் பிரேக் ஆர் பாவிக்கிறது?" என்பார்கள். நம்பாதீர்கள். லேனர்ஸ் நடத்தும் சிலரும் அப்படித்தான்: எட்டுப் போடப் பழக்கிவிட்டால் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். எட்டைச் சுற்றிக் காட்டியவனிடம் 40இல் வந்து நிறுத்திக் காட்டு என்று ஏன் கேட்பதில்லை? எத்தனை பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டேன்!

இன்றைக்கே பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னுக்குத் தள்ளுங்கள். சில்லு உருண்டாலோ, லீவர் ஹாண்டிலில் முட்டினாலோ, கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். ஓடிக்கொண்டு போக வேண்டாம்.