வாசகர் கேள்வி – பதில்: பிரித்துப் பூட்டிய எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர்

கேள்வி: என்னிடம் உள்ள பழைய அம்பாசடர் பெட்ரோல் காரின் 1489 சிசி எஞ்சினை வீட்டிலேயே இறக்கி, லேத்தில் போர் போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங், கேம் ஷாஃப்ட் எல்லாம் புதிதாக மாற்றிப் பூட்டியிருக்கிறேன். புல்லியில் உள்ள வெட்டுக்குறியை நேராக வைத்துத்தான், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினேன். செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது; பிளக்கில் ஸ்பார்க்கும் வருகிறது. ஆனால் கார்புரேட்டர் வழியாக ‘டப் டப்’ என்று வெடிக்கிறதே தவிர, ஸ்டார்ட் ஆகவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரை இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். தவறு எங்கே இருக்கிறது?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்க்கும்போது, ஸ்பார்க் ஒரு முழுச் சுற்று தள்ளி விழுகிறது என்றே கருத வேண்டியிருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு வேலைச் சுற்று முடிவதற்குள் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றுகிறது. எனவே புல்லியின் வெட்டுக்குறியும் இரண்டு முறை நேருக்கு வருகிறது. ஒரு முறை முதல் சிலிண்டரின் கம்ப்ரஷன் முடிவில், மறு முறை அதே சிலிண்டரின் புகை வெளியேறி முடியும் நேரத்தில். குறி மட்டும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. இரண்டாவது நிலையில் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தினால், எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டும் இன்லெட் வால்வு திறந்துகொண்டும் இருக்கும்போது ஸ்பார்க் விழுகிறது; எரியாமல் மிஞ்சிய கலவை அப்போது பற்றிக்கொண்டு, திறந்திருக்கும் இன்லெட் வழியாகக் கார்புரேட்டருக்குத் திரும்பி வெடிக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது இப்படியும் அப்படியும் திருப்புவதால் இவ்வளவு பெரிய பிழை தீராது.

கம்ப்ரஷன் எது என்பதை வால்வுகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ராக்கர் கவரைக் கழற்றுங்கள். பிளக்குகளையும் கழற்றிவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது. ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். டேஷ் பக்கம் இருப்பது நான்காவது. எஞ்சினை அது ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றி, நான்காவது சிலிண்டருக்குரிய கடைசி இரண்டு வால்வுகளைக் கவனியுங்கள். இந்த எஞ்சினில் எட்டாவது வால்வு எக்ஸாஸ்ட், ஏழாவது இன்லெட். தராசின் இரு தட்டுகளைப் போல ஒன்று மேலே வந்து மூடும் அதே நேரத்தில் மற்றொன்று கீழே இறங்கத் தொடங்கும். அந்த நொடியில் புல்லிக் குறியும் நேராக நின்றால், முதல் சிலிண்டர் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கிறது என்று உறுதி கொள்ளலாம். முதல் இரண்டு ராக்கர்களை விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் டேப்பெட் இடைவெளி இலேசாகத் தட்டுப்பட வேண்டும்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து, உள்ளே சுற்றும் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது பார்க்கும் முனையில்தான் முதல் சிலிண்டரின் பிளக் ஒயர் இருக்க வேண்டும். அங்கிருந்து ரோட்டார் சுற்றும் திசையில், அதாவது மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக, 1-3-4-2 என்ற வரிசையில் மற்ற ஒயர்கள் வர வேண்டும். வரிசை சரியாக இருந்தும் வலஞ்சுழியாக மாட்டிவிடுகிறவர்கள் பலர். அப்படி மாட்டினால் ஒன்றும் நான்கும் சரியாக அடிக்கும். இரண்டும் மூன்றும் இடம் மாறிப்போகும்.

ரோட்டார் நேர் எதிராக நான்காவது ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தால், குற்றம் டிஸ்ட்ரிபியூட்டரில் இல்லை. அதன் அடியிலுள்ள நாக்கு மையத்திலிருந்து சற்று விலகி அமைந்திருப்பதால் அது ஒரே வழியில்தான் உட்காரும். மாறிப் போயிருப்பது, அதற்குக் கீழே கேம் ஷாஃப்டின் பல்லில் ஓடும் சிறிய டிரைவ் ஸ்பிண்டில். எஞ்சினை முழுவதும் பிரித்தவர்களுக்கு மட்டுமே வரும் தவறு இது. டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் கழற்றி மாட்டியவருக்கு வராது.

ஒயர்களை எதிர் முனைகளுக்கு மாற்றிவிட்டாலும் எஞ்சின் ஓடும். அதனால் கேடு ஒன்றும் இல்லை. ஆயினும் நாளை வேறொரு மெக்கானிக் கையேட்டைப் பார்த்து ஒயர்களைப் ‘பழையபடி’ மாற்றினால், இதே தொல்லை மறுபடியும் தொடங்கும். இவ்வளவு உழைத்துப் பூட்டிய எஞ்சினுக்கு ஸ்பிண்டிலைச் சரியாக வைப்பதே என் விருப்பம். அதற்கு எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்ற வேண்டியதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்து, அது உட்காரும் ஹவுசிங்கைப் பிடித்திருக்கும் ஸ்குரூவைக் கழற்றுங்கள். டேப்பெட் கவர் போல்ட் ஒன்றை ஸ்பிண்டிலின் தலையில் மரையேற்றினால், அதைப் பிடித்து மேலே இழுத்துவிடலாம். மீண்டும் இறக்கும்போது, டிஸ்ட்ரிபியூட்டரின் நாக்கு உட்காரும் வெட்டுப் பள்ளம் ஏறக்குறைய கிடைமட்டமாகவும், அது பிரிக்கும் ஸ்பிண்டில் தலையின் பெரிய பாதி மேல் பக்கமாகவும் இருக்கட்டும். பற்கள் சேரும்போது ஸ்பிண்டில் இடஞ்சுழியாகத் திரும்பி, பள்ளம் கடிகாரத்தின் ஒரு மணித் திசையில் சாய்ந்து நிற்கும். நேரே வைத்து நேரே இறக்க முயன்றால் ஒரு பல்லாவது தள்ளிப் போகும். ஹவுசிங் ஸ்குரூவின் தலை மேற்பரப்புக்கு வெளியே துருத்தாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரை வையுங்கள். துருத்தினால் அது முழுதாக உட்காராது.

கேள்வி: டைமிங் லைட் இல்லாமல், முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே டைமிங் வைக்க முடியுமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: முடியும், 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். முதலில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளியைச் சரி செய்யுங்கள். பாயின்ட் முழுதாகத் திறந்த நிலையில் ஃபீலர் கேஜால் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதை டைமிங் வைத்த பின் மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். பிறகு முதல் சிலிண்டரின் கம்ப்ரஷனில், உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் டிகிரியில் புல்லியை நிறுத்துங்கள். பல்பின் ஒரு முனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் ஒயர் இணைப்பிலும், மறு முனையை பாடியிலும் தொடுத்து, இக்னிஷனைப் போடுங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது பல்பு எரியாது. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை மெல்ல வலஞ்சுழியாகத் திருப்பினால், பாயின்ட் பிரியும் கணத்தில் பல்பு எரியும். அங்கேயே இறுக்கிவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அதை 5 டிகிரி திருப்பினாலே எஞ்சினில் 10 டிகிரி மாறும். ஆகவே கை பொறுமையாக இருக்கட்டும்.

பின்னாளில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்ற நேர்ந்தால், கிளாம்ப் போல்ட்டைத் தொடாமல், கிளாம்ப் தகட்டை ஹவுசிங்கோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளை மட்டும் எடுங்கள். வைத்த டைமிங் கலையாது.

கேள்வி: ஸ்டார்ட் ஆகும் வரை செல்ஃப் அடித்துக்கொண்டே டைமிங்கைத் திருப்பிப் பார்ப்பதில் என்ன தவறு?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: புது எஞ்சினுக்கு அது மிகுந்த கேடு. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். ரிங் இன்னும் படியவே இல்லை. புதுக் கேம் ஷாஃப்டுக்கும் டேப்பெட்டுக்கும் முதல் சில நிமிடங்களே ஆயுளைத் தீர்மானிக்கின்றன. தெறிக்கும் ஆயிலை நம்பியிருக்கும் அவை, ஸ்டார்ட் ஆனதும் சுமார் 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட வேண்டும். செல்ஃபின் மந்தமான வேகத்தில் தேய்வது அவற்றுக்கு ஆகாது. அம்பாசடரின் இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கேம் ஷாஃப்டிலிருந்து தனியாக ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே இருந்தாலும் ஆயில் ஏறும். ஆகவே பிளக்குகளைக் கழற்றிவிட்டு, காயில் ஒயரையும் பிரித்து வைத்து, ஆயில் பிரஷர் தெரியும் வரை இடைவெளி விட்டு செல்ஃப் அடியுங்கள். அதன் பிறகு மேலே சொன்னபடி டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தி, பெட்ரோல் விடுங்கள்.